திட்டுவதற்கு ஓர் ஆள்

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஆற்காடு சாலையைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து, வடபழனியில் ஏறிப் போரூர் போகிற பஸ்ஸில் நல்ல பேச்சு கேட்கக் கிடைக்கிறது. "ஏறும்போது க்ளீனா ஷேவ் பண்ணிட்டு ஏறினேன் சார்" என்று ஒருவர் தாடையைத் தடவிக் காட்டுகிறார். "உங்களுக்காவது தாடிதான். நான் ஏறும்போது எனக்குக் கல்யாணமே ஆகல" என்கிறார் பின்சீட்டுக்காரர். "நடந்தா சீக்கிரம் போய்டலாம்தான், நடக்கறதுக்கு ரோடு எங்க இருக்கு?" என்று கண்டக்டரும் சேர்ந்துகொள்கிறார். அதற்குப் பிறகு பேச்சு நிற்பதில்லை. மழைநீர் வடிகால், மின்வாரியம் தோண்டிய பள்ளம், அதை மூடியவுடன் குடிநீர் வாரியம் மறுபடி தோண்டிய பள்ளம், கவுன்சிலர், அமைச்சர், டெல்லி என்று படிப்படியாக ஏறுகிறது. ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேர், போரூர் வருவதற்குள் ஒரே வீட்டுக்காரர்களைப் போல் ஆகிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. குறை சொல்வதை விட்டுவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள் என்று அறிவுரை சொல்லும் மேடைப் பேச்சாளர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் சலூனிலும் நடக்கிற இந்தச் சிரிப்புப் புலம்பலை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தத் தெருவை யார் எத்தனை முறை தோண்டினார்கள், எந்த விளக்கு எந்த மாதத்திலிருந்து எரியவில்லை, எந்தச் சான்றிதழுக்கு என்ன கைமாறுகிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் பிசகாமல் இருக்கும். எந்தத் தணிக்கை அறிக்கையும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது. ஒரு சாலை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தவரால்தான் அது இப்படி இருப்பதைப் பார்த்துச் சிரிக்க முடியும். 'இது என் தலையெழுத்து' என்று இருப்பவருக்கு நகைச்சுவை வராது. இது யாரோ செய்தது, வேறு மாதிரியும் செய்திருக்கலாம் என்று நினைப்பவருக்குத்தான் வரும்.

நம் ஊர்களில் இது இன்று நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. வட மாவட்டங்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிற வேலை அவனுக்கு. அந்த வேலையோடு நில்லாமல் ராஜாவையே மடக்குவான். துரியோதனன் சபையில் நின்றுகொண்டு, நம்ம ஊர் ஏரியைத் தூர்வாரிய பணம் எங்கே போச்சு என்று கேட்பான். முன்வரிசையில் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தப் பெரியவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்ற நினைப்பும் அவர்கூடவே போகும். கட்டியக்காரனின் கேலிக்கு விலாசம் இருந்தது. சொல்ல வேண்டியவருக்கே அது போய்ச் சேர்ந்தது.

அச்சுக்கு வந்தபோதும் அந்தக் கேலி தன் விலாசத்தை மறக்கவில்லை. 1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. மேடையில் இருக்கும் இரண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்பது கேள்வி. ஜேப்படிக்காரர் போல் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போல் இருப்பவர் மந்திரி என்பது பதில். அவ்வளவுதான் விஷயம். தமிழ்நாட்டின் எல்லா டீக்கடைகளிலும் அதைவிடக் காரமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சட்டமன்றம் அதை உரிமை மீறல் என்று எடுத்துக்கொண்டு, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்க மறுத்துச் சிறைக்குப் போனார். பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் கொதித்தெழ, சில நாட்களிலேயே விடுதலையானார். பின்னாளில் வழக்குத் தொடுத்து வென்று, இழப்பீடாக வந்த 1,000 ரூபாயைச் சட்டமிட்டு மாட்டிவைத்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது அதிகாரத்தின் ஆணவம் என்று சொல்லி முடித்துவிடுவோம். அது உண்மைதான். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் கேலி யாருக்கோ உறைத்தது. உறைத்த ஆளுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, கோபம் வந்தது. தண்டித்தவர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள், எதிர்த்து நின்றவரும் கண்ணுக்குத் தெரிந்தார். நியாயம் கேட்க ஒரு நீதிமன்றம் இருந்தது, எதிர்த்தரப்பில் யாரை நிறுத்துவது என்ற குழப்பமும் இல்லை. இன்றைய அன்றாட வாழ்க்கையில் நமக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எதிர்த்தரப்பே கிடையாது. என்னை உறுத்துவது அதுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் ரேஷன் கடையில் ஒருநாள் நின்றிருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போய்வந்த ஒரு பாட்டி, கைரேகைக் கருவியில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. விற்பனையாளர் தன் துண்டால் அவர் விரலைத் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார். எடுக்கவில்லை. "தலைமுடில தேய்ச்சிட்டு வை பாட்டி" என்றார் பின்னால் நின்ற பெண். எண்ணெய்ப் பசை ஏறினால் ரேகை பதியும் என்பது வரிசையில் நிற்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த வழி. பாட்டி தேய்த்தார், வைத்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்தார். எதுவும் பொருந்தவில்லை. "அறுவது வருசமா நாத்து நட்ட வெரலுப்பா இது. எல்லா ரேகையும் சேத்துலயே போச்சு. நான்தான் நானுன்னு அந்த மிசினுகிட்ட நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. விற்பனையாளரும் சிரித்துவிட்டார். பாட்டியும் சிரித்தார். ஆனால் அரிசி கிடைக்கவில்லை. "சரி, இத யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்று அவர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. விற்பனையாளர் கையை மேலே காட்டினார். கூரைக்கு மேலே வானம்தான் இருந்தது.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது. விரல் தேய்ந்தவர்களுக்கு மாற்று வழிகளும் இருக்கின்றன. வர முடியாத முதியவர் தன் சார்பில் ஒருவரை எழுதிக்கொடுத்து அனுப்பலாம். கருவிழிக் கருவியும் பின்னால் வந்தது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. போலி அட்டைகளை ஒழிக்க வேண்டும் என்பதும் நியாயமான நோக்கம்தான். என் கவலை அந்த வரிசையில் கேட்ட கேள்வியைப் பற்றியது. அந்தப் பாட்டியை முப்பது வருடங்களாக அறிந்தவர்கள் அந்த வரிசையிலேயே பத்துப் பேர் இருந்தார்கள். இவர் இன்னார்தான் என்று அவர்கள் சொல்வது செல்லாது என்று எங்கோ, யாரோ, ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த மேசை எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சொல்வோம். இன்றைய வாழ்க்கையில் அம்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. ரேஷன் கடை விற்பனையாளர், சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருக்கும் பெண், அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவர், பஸ் கண்டக்டர், கால் சென்டரில் ஹெட்போன் மாட்டியிருக்கும் பையன் என்று நம் வசையெல்லாம் இவர்கள்மீதுதான் விழுகிறது. இவர்களில் யாருக்கும் எதையும் மாற்றும் அதிகாரம் இல்லை. மாற்றும் அதிகாரம் உள்ளவர் காதுக்கு நம் குரல் எட்டுவதில்லை. காலை எட்டு மணிக்கு 'சர்வர் டவுன்' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு, மாலை வரை ஊராரின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொள்ளும் இ-சேவை மையப் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். சர்வரை அவர் பார்த்ததுகூட இல்லை. குடிமக்களுக்கும் அரசுக்கும் நடக்க வேண்டிய சண்டையை, குறைந்த சம்பளக்காரர் ஒருவருக்கும் இன்னொரு குறைந்த சம்பளக்காரருக்கும் இடையிலான சண்டையாக மாற்றிவைத்திருக்கிறோம். சமீப காலங்களில் நாம் செய்த அநியாயங்களில் இதையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

தனியார் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். என் வீட்டு இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த பிறகும் மாதாமாதம் பில் வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும் குரல், பிறகு இரண்டை, பிறகு ஒன்பதை. கடைசியில் ஓர் இளைஞர் வருவார். மரியாதையாகப் பேசுவார், புகார் எண் தருவார், நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுக்கச் சொல்வார். அடுத்த முறை வருபவர் வேறொருவர். முந்தைய பேச்சு அவருக்குத் தெரியாது, முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த இளைஞர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஓர் அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களையே அளக்கிறார்கள். பல்லாயிரம் பேரின் கோபம் ஓர் இடத்தில் சேர்ந்துவிடாதபடி துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிற ஏற்பாடு இது. பஸ்ஸில் நாற்பது பேர் சேர்ந்து சிரித்ததற்கு நேரெதிரான காரியம்.

அரசியலில் இந்த முகமின்மை எப்படி நுழைகிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளைப் பார்த்தால் போதும். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் திட்டுவதற்கென்றே நாம் தேர்ந்தெடுக்கிற ஆள் வார்டு கவுன்சிலர். நம் தெருவிலேயே இருப்பார். காலையில் பால் வாங்க வரும்போது பிடித்துவிடலாம். பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தல்வரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடமாட வேண்டும். 2016 அக்டோபரில் பழைய உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, கொரோனா என்று காரணங்கள் அடுக்கடுக்காக வந்தன. நகரங்களில் மக்கள் மறுபடி வாக்களித்தது 2022 பிப்ரவரி 19 அன்றுதான். ஐந்து வருடங்களுக்கும் மேலாக மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் தனி அலுவலர்கள் கையில் இருந்தன.

அந்த ஐந்து வருடங்களில் என்னென்ன நடந்தன என்று யோசித்துப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2020-இல் கொரோனா. 2021 நவம்பரில் மறுபடி சென்னையில் வெள்ளம். குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்திருந்த பெண்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? தேர்ந்தெடுத்த ஆள் எவரும் தெருவில் இல்லை. முன்னாள் கவுன்சிலர்கள் சிலர் பழைய பழக்கத்தில் ஓடியாடினார்கள், அது அவர்களுடைய நல்ல மனசு. பொறுப்பு என்று எதுவும் அவர்களுக்கு இல்லை. சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1688-இல் அமைந்த, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி அது. 1973-இல் அதன் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடக்க 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இருபத்துச் சொச்ச வருடங்களில் சென்னையில் பிறந்து, வளர்ந்து, ஓட்டுரிமை பெற்ற ஒரு தலைமுறைக்கு, கவுன்சிலர் என்றால் பெரியவர்கள் சொல்லும் பழைய கதை.

கிராமங்களிலும் கதை தொடர்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. உடனே தேர்தல் நடத்தாமல், மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். உள்ளாட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243E பிரிவு சொல்கிறது. இதில் எந்தக் கட்சியும் இன்னொரு கட்சியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. ஆண்டவர்கள் எல்லோருமே திட்டு வாங்க வேண்டிய ஆளைத் தெருவிலிருந்து அகற்றிவைப்பது வசதி என்று கண்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நாம்தான். நாமும் அதை ஒரு பெரிய அரசியல் பிரச்சினையாக நினைக்கவில்லை. சட்டமன்றத் தேர்தல் ஐந்து வருடங்கள் தள்ளிப்போயிருந்தால் ஊரே எரிந்திருக்கும்.

கவுன்சிலர் இல்லாவிட்டால் கலெக்டர் இருக்கிறாரே என்று சொல்லலாம். திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர்கள் இருப்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதை அடைப்பு, வாரிசுச் சான்றிதழ். வரிசையில் நிற்பவர்கள் தங்களுக்குள் கதை கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "என் மனுவ எடை போட்டா மூணு கிலோ தேறும், இனிமே பழைய பேப்பர் கடைக்குத்தான் போகணும்" என்று ஒரு விவசாயி சொல்லிக் கேட்டேன். அதே மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்ததும், 'ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரிக்குள் ஒடுங்கிப்போகிறார். அவருடைய கேலியில் இருந்த கூர்மை, தேதி, பெயர், துல்லியம் எதுவும் காகிதத்தில் ஏறுவதில்லை.

அந்தக் காகிதம் போகும் பாதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதினாலும் 1100-ஐக் கூப்பிட்டாலும், மனு அங்கிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும். பிறகு கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் எந்த கிராம நிர்வாக அலுவலரைப் பற்றிப் புகார் எழுதினோமோ அவர் மேசைக்கே பெரும்பாலும் வந்து சேரும். அவர் அறிக்கை எழுதுவார். மனு முடித்துவைக்கப்பட்டது என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று ஊரில் சொல்லிச் சொல்லிச் சலித்தது இதைத்தான். 2023 இறுதியில் தொடங்கிய 'மக்களுடன் முதல்வர்', 2025-இல் வந்த 'உங்களுடன் ஸ்டாலின்' போன்ற முகாம்களில் கூட்டம் அலைமோதியதற்குக் காரணம் அங்கே மேசைக்கு அந்தப்பக்கம் மனிதர்கள் உட்கார்ந்திருந்ததுதான். மக்கள் சலுகைக்காக மட்டும் வருவதில்லை, கேட்கிற முகத்துக்காகவும் வருகிறார்கள்.

அந்த முகம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மனைவியோடும் இரண்டு சின்னஞ்சிறு மகள்களோடும் தீக்குளித்தார். நான்கு பேருமே இறந்துபோனார்கள். அந்தக் குடும்பம் கேலி பேசும் கட்டத்தை எப்போதோ தாண்டியிருந்தது. புலம்பிச் சிரிக்கிறவர்களைக் கண்டு எந்த அரசும் பயப்பட வேண்டியதில்லை. அவர்கள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்கள். சிரிப்பு நின்றுபோன வரிசையைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சாவைப் பற்றிக் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். எரிகிற குழந்தையின் முன்னால், ஆட்சியில் இருப்பவர்கள் ஆடையின்றி ரூபாய்க் கட்டுகளால் தங்களை மறைத்துக்கொண்டு நிற்பதாக இருந்தது படம். ஆட்சியர் அளித்த புகாரின்பேரில் நவம்பர் 5 அன்று அவரைக் கைது செய்தார்கள், மறுநாள் ஜாமீனில் வந்தார். விகடன் ஆசிரியர் சிறைக்குப் போய் முப்பது வருடங்கள் ஆகியிருந்தன. பலமுறை வந்த மனுக்களுக்குக் கிடைக்காத வேகம் ஒரு படத்துக்குக் கிடைத்தது. அரசின் காதுகள் பழுதாகவில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்கிறேன். தன் மானத்தைத் தொடும் சொல் அதற்கு உடனே கேட்கிறது. ஒரு குடும்பத்தின் உயிரைத் தொடும் சொல்தான் கேட்பதில்லை. எது கேட்க வேண்டும், எவ்வளவு நாளில் கேட்க வேண்டும் என்பதை அரசின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பதுதான் நம் குறை.

அதை விருப்பத்துக்கு விடாமல் செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில், கூலி முழுதாக வரவில்லை என்ற புலம்பலில் இருந்துதான் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் எழுந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்தாரோடு சேர்ந்து 1990-இல் அதை அமைத்தார்கள். 1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. அரசுப் பதிவேடுகளில் இருந்த கூலிப் பட்டியலைப் பந்தலில் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். செய்யாத வேலைகளுக்கும், வராத ஆட்களுக்கும் கூலி எழுதியிருந்ததைக் கேட்டு ஊர் சிரித்தது, பிறகு கொதித்தது. சங்கர் சிங் பொம்மலாட்டம் போட்டார். அரசியல்வாதி வேடம் கட்டிக்கொண்டு, ஊழலுக்கென்றே ஒரு ரத யாத்திரை விட்டார். தெருவோரக் கேலியும் பதிவேட்டுக் கணக்கும் ஒரே பந்தலில் உட்கார்ந்தபோது, சம்பந்தப்பட்டவர்களால் ஒளிய முடியவில்லை. அந்த இயக்கமும் நாடெங்கும் அதனோடு சேர்ந்தவர்களும் போராடிக் கொண்டுவந்ததுதான் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு அலுவலகத்திலும் பதில் சொல்வதற்கென்று ஓர் அலுவலர் இருக்க வேண்டும். முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை அவர் தன் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும். துறை, அரசு என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல் ஓர் ஆள், ஒரு தேதி, ஒரு தொகை என்று எழுதியிருக்கிறது. 2010-இல் மத்தியப் பிரதேசம் இதே முறையைச் சான்றிதழ்களுக்கும் அன்றாடச் சேவைகளுக்கும் கொண்டுவந்தது. எந்தச் சேவைக்கு எத்தனை நாள், தவறினால் எந்த அலுவலருக்கு எவ்வளவு அபராதம் என்பதைச் சட்டமாகவே எழுதினார்கள். பிகார் உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. சேவை பெறும் உரிமைச் சட்டம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டிலும் நெடுநாளாகக் கேட்கிறது. ரேஷன் கருவிக்கும் இ-சேவை சர்வருக்கும் வங்கியின் ஓடிபி-க்கும் அதே நியாயம் பொருந்தும். இயந்திரம் 'இல்லை' என்று சொன்னால், அதை மீறி 'உண்டு' என்று சொல்லும் அதிகாரமுள்ள மனிதர் அதே ஊரில், அதே நாளில், பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத இயந்திரத்தை ஏழைகள் முன்னால் வைக்க எந்த அரசுக்கும் உரிமை இருக்கக் கூடாது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாட்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகளும் கூடுகின்றன. பெரும்பாலான ஊர்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீர்மானப் புத்தகத்துக்கு வலு உண்டு. 2024 நவம்பரில் மதுரை மேலூர்ப் பக்கத்தில் அரிட்டாபட்டியும் சுற்றியுள்ள ஊர்களும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று கிராமசபையில் தீர்மானம் போட்டன. அதோடு நிற்காமல் தெருவிலும் இறங்கினார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தையே ரத்து செய்தது. டீக்கடைப் பேச்சாகவே இருந்திருந்தால் அது அரிட்டாபட்டி மலையைக் காப்பாற்றியிருக்காது. பேசியவர்கள் அதை எழுத்தில் ஏற்றினார்கள், எழுதியதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் நின்றார்கள்.

ஆகவே பஸ்ஸில் சிரித்தவர்களிடம் சிரிப்பதை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அந்தச் சிரிப்பைச் சபைக்கும் கொண்டுபோங்கள் என்பேன். தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளும் மொழிக்கு அதை மாற்றாமல், பஸ்ஸில் சொன்ன அதே கூர்மையோடு, பள்ளத்தின் அகலத்தையும் தோண்டிய தேதியையும் சொல்லிக் கேளுங்கள். பதிலைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையும் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அந்த நாற்காலியில் உட்கார ஆளே தேர்ந்தெடுக்கப்படவில்லை என்றால், உள்ளாட்சித் தேர்தலை நடத்து என்பதையே முதல் தீர்மானமாகப் போடுங்கள். திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்பது சின்ன ஆசை இல்லை, குடிமக்கள் கேட்க வேண்டிய முதல் உரிமை அது.